நங்கா பர்பத்: 41 மணி நேரம்

1953 என்றதும் என் வயதுக்காரர்களுக்கு எவரெஸ்ட்தான் நினைவுக்கு வரும். மே 29-ஆம் தேதி டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றதைப் பள்ளியில் படித்தோம், பரீட்சையிலும் எழுதினோம். அதற்குச் சரியாக 35 நாள் கழித்து, இமயத்தின் மேற்குக் கோடியில் இன்னொரு பெரிய மலையை முதல்முறையாக ஒருவர் ஏறி முடித்தார். ஒருவர் என்று சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை. கூட யாருமில்லை, முதுகில் ஆக்சிஜன் உருளையும் இல்லை. உலகில் 8000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் 14. அவற்றில் முதல் ஏற்றத்தையே தனி ஆளாகச் செய்து முடித்தது இந்த ஒன்றில்தான். ஆனாலும் நம் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இடம் கிடைக்கவில்லை.

அந்த மலை நங்கா பர்பத். இன்று பாகிஸ்தான் வசமுள்ள பகுதியில், சிந்து நதியின் வளைவை ஒட்டி நிற்கிறது. உயரம் 8126 மீட்டர், உலகில் ஒன்பதாவது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நமக்குத் தெரிந்த ‘நக்ன’, ‘பர்வத’ என்ற சமஸ்கிருதச் சொற்கள்தான் திரிந்து அப்படி ஆகியிருக்கின்றன. அதாவது ஆடையில்லாத மலை. பனி ஒட்டாத அளவுக்குச் செங்குத்தான பாறைச் சுவர்கள் அதற்கு உண்டு. தெற்குப் பக்கமுள்ள ரூபல் சுவர் அடியிலிருந்து உச்சிவரை சுமார் 4500 மீட்டர். நம் தொட்டபெட்டா கடல் மட்டத்திலிருந்தே 2637 மீட்டர்தான்.

ஏறியவர் பெயர் ஹெர்மன் புஹ்ல். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்துக்காரர். இனி ஹெர்மன் என்றே சொல்கிறேன். 1924-இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே தாயை இழந்தவர், நோஞ்சான் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் மலைப்படையில் இருந்தார். போருக்குப் பிறகு விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையாளர் வேலை. பணம் கிடையாது. 1952-இல் சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள பிட்ஸ் படிலே மலைக்குச் சைக்கிளிலேயே போய், அதன் வடகிழக்குச் சுவரைத் தனியாக நாலரை மணி நேரத்தில் ஏறிவிட்டு, சைக்கிளிலேயே திரும்பினார். வரும் வழியில் அசதியில் கண் அசந்து ஆற்றில் விழுந்தார் என்பார்கள். குளிர் பழக வேண்டும் என்று கையில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பாராம். மனிதர் எப்படிப்பட்டவர் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்தக் கதையை ஹெர்மனிடமிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. முப்பது வருடத்துக்கு மேல் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். கடைசிப் பக்கத்தின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கில்லை. முந்தைய ஆண்டுகளின் பாக்கி எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும்.

அந்தப் பாக்கி 31 உயிர்.

முதல் வரவு 1895-இல். மம்மரி என்ற ஆங்கிலேயர், தமது காலத்தின் பெயர்பெற்ற மலையேறி, நங்கா பர்பத்துக்கு வந்தார். 8000 மீட்டர் மலை ஒன்றை ஏற மனிதர் செய்த முதல் முயற்சி அது. ரகோபீர், கோமன் சிங் என்ற இரு கூர்க்கா வீரர்களோடு ஆகஸ்ட் மாதம் ஒரு கணவாயைத் தாண்டப் போனார். மூவரும் திரும்பவில்லை.

அடுத்தது 1934. வில்லி மெர்க்ல் என்ற ஜெர்மானியர் தலைமையில் பெரிய குழு. தொடக்கத்திலேயே டிரெக்ஸல் என்பவர் நோயுற்று முகாமில் இறந்தார். ஜூலையில் உச்சிக்கு வெகு அருகில் இருந்தபோது புயல் பிடித்துக்கொண்டது. கூடாரம் கிழிந்து, உணவு தீர்ந்து, நாள் கணக்கில் பனியில் தவழ்ந்து இறங்கினார்கள். மெர்க்ல் உட்பட மூன்று ஜெர்மானியர்களும் ஆறு ஷெர்பாக்களும் வழியிலேயே இறந்தார்கள். கடைசிவரை தலைவர் மெர்க்லோடு இருந்தவர் கேலே என்ற ஷெர்பா. அவருக்கு இறங்கி வரும் தெம்பு இருந்தது, தலைவரை விட்டு வர மனமில்லாமல் தங்கிவிட்டார் என்று சொல்கிறார்கள். கூட இருந்த ஆங் செரிங் மட்டும் உதவி தேடித் தனியாக இறங்கி வந்து உயிர் பிழைத்தார். மெர்க்லின் உடலும் கேலேயின் உடலும் 1938-இல் வந்த குழுவின் கண்ணில் பட்டன.

1937-இல் இன்னும் கொடுமை. ஜூன் மாதம் ஓர் இரவு நாலாவது முகாம்மீது பனிச்சரிவு விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஏழு ஜெர்மானியர்களும் ஒன்பது ஷெர்பாக்களும் அப்படியே புதைந்தார்கள். 1950-இல் குளிர்காலத்தில் ஆராய வந்த இரண்டு ஆங்கிலேயர்கள் காணாமல் போனார்கள். மூன்று, பத்து, பதினாறு, இரண்டு. கூட்டிப் பாருங்கள், 31 வரும். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கூலிக்கு மூட்டை சுமக்க வந்தவர்கள். உச்சியைத் தொட வேண்டும் என்று கனவு கண்டவர்கள் அல்ல.

1953-ஆம் ஆண்டுக் குழுவை அமைத்தவர் மியூனிக் நகரத்து டாக்டர் கார்ல் ஹெர்லிக்காஃபர். 1934-இல் இறந்த மெர்க்லின் தம்பி; பெற்றோரில் ஒருவர் மட்டும் இருவருக்கும் பொது. அண்ணன் பெயரிலேயே குழுவை நடத்தினார். அவர் பெரிய மலையேறி அல்லர். பணம் திரட்டுவது, ஆள் சேர்ப்பது, அனுமதி வாங்குவதுதான் அவர் பங்கு. மலைமேல் தலைமை, 1934-இல் உயிர் தப்பிய பீட்டர் ஆஷென்ப்ரென்னருக்கு. பிரிவினைக்குப் பிறகு மலை பாகிஸ்தானில் இருந்ததால் டார்ஜிலிங் ஷெர்பாக்கள் வர முடியவில்லை. பக்கத்து ஹுன்ஸா பள்ளத்தாக்கு ஆட்கள் சுமை தூக்கினார்கள். வரும் முன்பே எல்லா உறுப்பினர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள்: பயணத்தைப் பற்றி எழுதும் உரிமை தலைவருக்கே. இது பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் முழுக்கப் பனிப்பொழிவு. மாதக் கடைசியில் அடிவார முகாமில் பொறுமை போய்விட்டது. எல்லோரும் இறங்குங்கள் என்று வானொலிக் கருவியில் உத்தரவு வந்தது. அதே நேரம் மேல் முகாமில் வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது! அங்கே இருந்தவர்கள் ஹெர்மன், ஆட்டோ கெம்ப்டர், வால்ட்டர் ஃப்ராவென்பெர்கர், படப்பிடிப்பாளர் ஹான்ஸ் எர்ட்ல். நால்வரும் இறங்க மறுத்தார்கள். கீழேயிருந்து கோபம், மேலேயிருந்து பிடிவாதம். வயர்லெஸில் வாக்குவாதம் நடந்தது.

கீழ்ப்படியாததைப் பற்றி ஒரு வார்த்தை. வெற்றி கிடைத்துவிட்டதால் இன்று நாமெல்லாம் அந்த நால்வர் பக்கம் பேசுகிறோம். அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணுக்கு 31 சாவும் தெரிந்திருக்கும். ஆஷென்ப்ரென்னர் 1934-இன் புயலை உடம்பால் அறிந்தவர். இறங்கு என்று அவர்கள் சொன்னது கோழைத்தனம் என்று என்னால் எழுத முடியவில்லை.

ஜூலை 2-ஆம் தேதி ஐந்தாவது முகாம் போட்டார்கள். முகாம் என்றால் ஒரே ஒரு சின்னக் கூடாரம், 6900 மீட்டர் உயரத்தில். எர்ட்லும் ஃப்ராவென்பெர்கரும் ஹுன்ஸா சுமைக்காரர்களும் மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். வந்தவர்கள் ஹெர்மனையும் கெம்ப்டரையும் அங்கே விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்கள். உச்சிக்கான வாய்ப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு மூட்டையை இறக்கிவைத்துத் திரும்புவது லேசான காரியமில்லை. எர்ட்லும் ஃப்ராவென்பெர்கரும் தேர்ந்த மலையேறிகள்.

கூடாரத்திலிருந்து உச்சிக்கு 1200 மீட்டருக்கு மேல் ஏற்றம். தூரம் சுமார் 6 கிலோமீட்டர். வழக்கமாக இப்படிப்பட்ட மலையில் இன்னும் ஒன்றிரண்டு முகாம் போட்டுத்தான் உச்சிக்குக் கிளம்புவார்கள். இவர்களிடம் அதற்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பதுதான் திட்டம்.

ஜூலை 3, அதிகாலை இரண்டரை மணி. ஹெர்மன் கிளம்பத் தயார். கெம்ப்டருக்கு எழவே முடியவில்லை. ‘நான் முன்னே போகிறேன், நீ பின்னால் வா’ என்ற ஏற்பாட்டோடு ஹெர்மன் இருட்டில் இறங்கினார். கெம்ப்டர் பிறகு கிளம்பினார், ஆனால் எட்டிப் பிடிக்கவில்லை. மேலே பனிச் சமவெளி வரை வந்து, முடியாமல் திரும்பிவிட்டார். ஆக, ஹெர்மன் தனியாகப் போக வேண்டும் என்று திட்டமிட்டுப் போகவில்லை. தனியாக விடப்பட்டார், அப்படியும் நிற்கவில்லை.

காலை ஏழு மணிக்கு வெள்ளிச் சேணம் என்று பெயர் வைத்திருந்த இடத்தை அடைந்தார். 7400 மீட்டருக்கு மேல். அதைத் தாண்டினால் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் பனி மேடு. கீழே ஒரு மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தூரம்தான். அந்த உயரத்தில் ஓர் அடிக்குப் பல மூச்சு வாங்கும். வெயில் வேறு பனியில் பட்டுத் திரும்பி அனலாய் அடிக்கிறது. பை கனத்தது. அதை அங்கேயே ஓர் இடத்தில் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற எண்ணம். கனமான ஸ்வெட்டரும் சாப்பாடும் பைக்குள்ளேயே தங்கின. கூட எடுத்துக்கொண்டவை பனிக்கோடரி, ஸ்கை கம்புகள், கேமரா, கொடிகள், கோகா இலைத் தேநீர் கொஞ்சம், சில மாத்திரைகள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைசி முகட்டுக்கு முன்னாலுள்ள பஷின் பள்ளத்தை அடைந்தார். உயரம் 7800 மீட்டரைத் தாண்டிவிட்டது. அங்கே பெர்விட்டின் மாத்திரை போட்டுக்கொண்டார். போர்க்காலத்தில் ஜெர்மன் படையினருக்குத் தூக்கம் வராமலிருக்கக் கொடுத்த ஊக்க மருந்து அது. இன்று அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை, அவரே எழுதியிருக்கிறார். அதற்கு மேல் பாறைக் கோபுரங்கள் நிறைந்த கூரிய முகடு. தேநீரும் தீர்ந்தது. கடைசிப் பகுதியை நடக்க முடியாமல் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்தார். மாலை ஏழு மணிக்கு உச்சி. கிளம்பிப் பதினாறரை மணி நேரம்.

பனிக்கோடரியில் தமது டைரோல் மாகாணத்துக் கொடியைக் கட்டிப் படம் எடுத்தார். பிறகு பாகிஸ்தான் கொடியைக் கட்டினார். மனைவிக்காக ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். உச்சியைத் தொட்டதற்கு அத்தாட்சியாகக் கோடரியை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்கை கம்புகளை ஊன்றி இறங்கினார்.

சிறிது தூரத்தில் ஒரு காலின் கிராம்பான் கழன்றது. கிராம்பான் என்பது பனியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்பு முள் சட்டம். கட்டும் வார் போய்விட்டது. ஒரு காலில் முள், மறு காலில் வெறும் பூட்ஸ். இருட்டியும் விட்டது. இனி ஓர் அடி வைத்தாலும் ஆபத்து. ஏறத்தாழ 8000 மீட்டர் உயரத்தில், இரண்டு பாதம் வைக்க மட்டும் இடமுள்ள ஒரு பாறை விளிம்பு கிடைத்தது. உட்கார இடமில்லை. சரிவில் சாய்ந்து, ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, இரவு முழுக்க நின்றார். கூடாரம் இல்லை, போர்வை இல்லை, ஸ்வெட்டர் பையில், பை எங்கோ கீழே. காற்றில் ஆக்சிஜன் நாம் சுவாசிப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். இரத்த ஓட்டத்துக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இடையிடையே கண் அசந்து, திடுக்கிட்டு விழித்து, விடியும்வரை நின்றிருக்கிறார்.

அன்றிரவு காற்று வீசவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1934-இல் ஒன்பது பேரைக் கொன்ற அதே மலை, அதே ஜூலை மாதம். அன்றிரவு மட்டும் அமைதியாக இருந்தது. கொஞ்சம் காற்று எழுந்திருந்தால் ஹெர்மன் முப்பத்திரண்டாவது ஆளாகியிருப்பார். இறங்கச் சொன்ன தலைவர்தான் சரி என்று நாமும் எழுதிக்கொண்டிருப்போம். அவருடைய துணிவையும் உறுதியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரைப் போல் உடம்பைப் பழக்காத ஒருவர் அந்த அமைதியான இரவிலும் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் உறுதி மட்டுமே காப்பாற்றியது என்று சொன்னால் கேலேயை என்ன சொல்வது? அவருக்கு உறுதி குறைவா?

மறுநாள் விடியற்காலை மீண்டும் இறங்கத் தொடங்கினார். பாதம் மரத்துப்போயிருந்தது. பகல் முழுவதும் தமக்குப் பின்னால் ஒரு துணைவர் வருவதாக அவருக்கு ஓர் உணர்வு. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. ஆனாலும் இருக்கிறார் என்றே மனம் சொல்லியது. தனிமையிலும் மூச்சுத் திணறலிலும் மூளை செய்யும் வேலை என்று மருத்துவர்கள் விளக்கலாம். பையைத் தேடிக் கண்டுபிடித்தார். வாய் வறண்டு எதையும் விழுங்க முடியவில்லை. மறுபடியும் பெர்விட்டின். மாலை ஏழு மணியளவில் கூடாரத்துக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தார். கிளம்பி 41 மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கே எர்ட்லும் ஃப்ராவென்பெர்கரும் காத்திருந்தார்கள். இரண்டாவது நாளும் ஆள் வராததால் அநேகமாக இறந்திருப்பார் என்ற பயத்தோடு, ஆனாலும் இறங்காமல். முதலில் அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், பூட்ஸைக் கழற்றிக் காலைக் கவனித்தார்கள். மறுநாள் எர்ட்ல் ஒரு புகைப்படம் எடுத்தார். 28 வயதுக்காரரின் முகம் அதில் ஒரு கிழவனின் முகமாக இருக்கிறது. குளிரில் கருகிய இரண்டு கால்விரல்களைப் பிறகு வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியதும் சண்டை. உத்தரவை மீறிக் கிடைத்த வெற்றி என்பதால் தலைவருக்கும் ஏறியவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹெர்மன் தம் அனுபவத்தைத் தாமே எழுதினார், பேசினார். ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று டாக்டர் வழக்குக்குப் போனார். ‘என் குழு, என் அண்ணன் பெயர், நான் திரட்டிய பணம்’ என்பது ஒரு கட்சி. ‘என் கால், என் விரல், என் 41 மணி நேரம்’ என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கின் இரண்டு தரப்பிலும் இல்லாதவர்கள்தான் என் கண்ணுக்கு முதலில் படுகிறார்கள். ஐந்தாவது முகாமுக்கு மூட்டை சுமந்த ஹுன்ஸாக்காரர்கள் எந்த ஒப்பந்தத்திலும் எந்த உரிமையும் கேட்கவில்லை. அவர்கள் சுமந்த கூடாரம் இல்லையென்றால் இரண்டரை மணிக்குக் கிளம்ப ஓர் இடமே இருந்திருக்காது.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஹெர்மன் மீண்டும் பாகிஸ்தான் வந்தார். 1957 ஜூன் 9-ஆம் தேதி நால்வராக ப்ராட் பீக் மலையை முதன்முதலில் ஏறினார்கள். இந்த முறை உயரத்தில் சுமைக்காரர் இல்லை, எல்லா மூட்டையையும் தாங்களே சுமந்தார்கள். ஆக்சிஜனும் இல்லை. பதினெட்டு நாள் கழித்து, ஜூன் 27-ஆம் தேதி, பக்கத்திலுள்ள சோகோலிசாவில் குர்ட் டீம்பெர்கரோடு இறங்கி வரும்போது மேகம் மூடியது. ஹெர்மன் கால் வைத்த பனி விளிம்பு உடைந்து விழுந்தது. இருவரும் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருக்கவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. வயது 32. வீட்டில் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும்.

நங்கா பர்பத் உச்சியில் விட்டு வந்த பனிக்கோடரியை 1999-இல் ஜப்பானிய மலையேறி ஒருவர் கண்டெடுத்தார். 46 ஆண்டு பனியில் கிடந்த அத்தாட்சி.

யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டால், ஜூலை 3 அதிகாலை இரண்டரை மணியிலிருந்து மறுநாள் மாலை ஏழு மணி வரையிலான பக்கத்தில் ஹெர்மனின் பெயரைத் தவிர வேறு பெயரை நான் எழுத மாட்டேன். அது முழுக்க அவருடையது. அந்தப் பக்கத்துக்கு முன்னால் மூட்டையை இறக்கிவைத்துத் திரும்பியவர்கள், தலைவரோடு தங்கிவிட்ட கேலே, 1937-இல் தூக்கத்திலேயே போன பதினாறு பேர். அதற்குப் பின்னால், இரண்டாம் நாள் மாலையிலும் கூடாரத்தை விட்டு இறங்காத இரண்டு பேர். ஓய்வு பெறும் விழாக்களில் ‘தனி ஆளாக நின்று சாதித்தார்’ என்று பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கும் பேசினார்கள். மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரில் கடைசி வரிசையில் எங்கள் பிரிவின் கடைநிலை ஊழியர் கைதட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக எனக்குக் கோப்புகளைத் தூக்கிவந்து கொடுத்தவர். அவர் பெயரையும் சேர்த்து நான் நன்றி சொன்னேன். இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களும் தங்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.